எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்?

அக்கா மகன் போன் செய்தான். காரியம் இல்லாமல் மாமாவுக்கு போன் செய்கிற வயது இல்லை அவனுக்கு. என்ன காரியம் என்று காத்திருந்தேன்.

“மாமா, ஒரு கேமரா வாங்கணும். எது நல்ல கேமரா?”

இருபது வருஷமாக யாராவது ஒருவர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நான் புகைப்படக்காரன் இல்லை. படித்தது பி.காம். பத்திரிகை வேலையில் சேர்ந்த புதிதில், எல்லா ஊருக்கும் தனியாக ஒரு போட்டோகிராபரை அனுப்ப வசதிப்படாமல் நிருபர் கையிலேயே ஒரு கேமராவையும் திணித்து அனுப்பினார்கள். அவ்வளவுதான் என் தகுதி. இருந்தாலும் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஜாதகம் பார்க்கத் தெரியாதவர்கள்கூட மாப்பிள்ளை பற்றிக் கருத்து சொல்வதில்லையா?

“எதுக்குடா கேமரா? போன் இருக்கே?”

“போன்ல எடுத்து எடுத்து போரடிச்சிருச்சு மாமா. புஷ்கர் போறோம், ஆபீஸ் பசங்க நாலு பேர். ஒட்டகச் சந்தை. திரும்பி வந்ததும் தங்கச்சி கல்யாணம். அப்படியே வேடந்தாங்கல் போய் பறவை எடுக்கலாம்னு ஒரு ஐடியா. எழுபதாயிரம் வரைக்கும் போகலாம்.”

ஒரே கேமராவில் ஒட்டகமும் கல்யாணமும் கொக்கும். நான் யோசிப்பதற்குள் அவனே சொன்னான்.

“ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன் மாமா. 125 எக்ஸ் ஜூம்! நிலாவுல இருக்கிற பள்ளமெல்லாம் தெரியுது. அந்தத் தெருக்கோடியில நிக்கிறவங்க மூக்குத்தியில எத்தனை கல்லுனு எண்ணலாம். எடுக்கிறது அவங்களுக்குத் தெரியவே தெரியாது!”

கடைசி வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உங்களில் யாராவது நிஜமாகவே கேமரா வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கலாம். அவர்களுக்கு எனக்குத் தெரிந்த நாலு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெகாபிக்ஸலைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்டுடியோவில் போடுகிற சாதாரண 6-க்கு 4 இன்ச் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும், 1,800-ஐ 1,200-ஆல் பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிதான் வருகிறது. இரண்டு மெகாபிக்ஸலும் சில்லறையும். ஏ4 காகித அளவுக்கு ஒன்பதுக்குள் அடங்கிவிடும். கடைக்காரர் நாற்பது, ஐம்பது என்று அடுக்கும்போது, ‘நான் என்ன அண்ணா சாலையில் பேனர் வைக்கப்போகிறேனா?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது சென்ஸார். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற சில்லு. மழை பெய்யும்போது முற்றத்தில் டம்ளர் வைத்தால் ஒரு அளவு பிடிக்கும், அண்டா வைத்தால்? அதேதான் இங்கேயும். சின்னக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் அகலச் சில்லு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஃபுல் ஃபிரேம் என்கிறார்களே, அது 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பளவில் கிட்டத்தட்ட முப்பது மடங்கு. பட்டப்பகலில் பெரிய வித்தியாசம் தெரியாது. சாயங்கால ரிசப்ஷனில், ஃபிளாஷ் போடாமல், பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

மருமகன் பார்த்து வைத்திருந்தது நிகான் பி1000 வகையறா. 2018-ல் வந்தது. நம் பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் சொன்னால் 3,000 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அவ்வளவு ஜூம் எப்படி சாத்தியம் என்றால், உள்ளே இருப்பது அந்த நகத்தளவு சென்ஸார்; அதனால்தான். பெரிய சென்ஸாருக்கு அவ்வளவு ஜூம் வேண்டுமென்றால் லென்ஸை வண்டி வைத்து இழுக்க வேண்டும். ஆக, கல்யாணத்துக்கு அது சுமார். நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பதற்கு அதைவிடச் சுமார், ஏறக்குறைய 1,400 கிராம். பயணத்துக்கு எது நல்ல கேமரா என்றால், மூன்றாவது நாளும் ஹோட்டல் அறையில் விட்டுவிட்டுப் போகத் தோன்றாத கேமராதான்.

வேடந்தாங்கலுக்கு மட்டும் அவன் சொன்னது முழுக்கச் சரி. அங்கே ஏரிக்குள் இருக்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகளைக் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். கிட்டே போனால் பதறிப் பறக்கும், முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டு. தூரத்தில் நின்று ஜூமில் எடுப்பது அவற்றுக்குக் காட்டும் மரியாதை.

அதே ஜூம், அதே தூரம். மனுஷர்கள் விஷயத்தில் அது மரியாதையா? இதுதான் என் கேள்வி.

2007-ல் தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போயிருந்தேன். கையில் 12 எக்ஸ் ஜூம் டிஜிட்டல் கேமரா. அன்றைக்கு அதுவே பெரிய ஜூம். திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு பக்கம் ரோட்டோரமாக நின்றேன். வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. அந்த வெளிச்சத்திலேயே வருஷக்கணக்காக வேலை பார்த்துப் பலருக்குப் பார்வையே பழுதாகிவிடுகிறது என்பதைத்தான் எழுத வந்திருந்தேன். தூரத்தில் வரப்பு மேல் ஒரு அம்மா தலையில் உப்புக்கூடையோடு நடந்து வந்தார். பின்னால் வெள்ளை மலையாக உப்புக் குவியல். ஜூமை இழுத்தேன். நாலைந்து எடுத்தேன். பிரமாதம் என்று எனக்கே தெரிந்தது.

அந்த அம்மா கூடையைக் கொட்டிவிட்டு நேராக என்னை நோக்கி நடந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“என்னையவா தம்பி படம் எடுத்தீய?”

“ஆமாக்கா... பத்திரிகைக்கு.”

“எங்க, காட்டுங்க பாப்பம்.”

வெயிலில் கேமரா திரையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் முந்தானையை எடுத்து என் கேமரா மேல் போட்டு, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் சந்தோஷம் இல்லை.

“இதுல நா எங்க இருக்கேன்? கூடைதான் இருக்கு. கூடை இல்லாம ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

முகத்தைத் துடைத்தார். முந்தானையைச் சரிசெய்தார். இரண்டு கையையும் தொங்கவிட்டு, ரேஷன் கார்டு படத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்று லென்ஸையே பார்த்தார். சிரிக்கவில்லை. ஜூமுக்கு வேலை இல்லை, மூன்றடி தூரம். எடுத்தேன். மனசுக்குள், ‘உயிரே இல்லாத படம்’ என்று சொல்லிக்கொண்டேன்.

“ஒரு காப்பி அனுப்பிருவீயளா? வீட்டுல மாட்டுத மாதிரி ஒரு படம்கூட என்னைய எடுத்ததில்ல.”

“கண்டிப்பாக்கா.”

நோட்டில் விலாசம் எழுதிக்கொண்டேன். பின்கோடு தெரியவில்லை அவருக்கு. “போஸ்ட்மேனுக்கு எங்களத் தெரியும்” என்றார்.

கட்டுரையில் முதல் படம்தான் வந்தது, அரைப்பக்கத்துக்கு. உழைப்பு, அழகு என்று ஏதோ படவிளக்கம் எழுதினேன். எழுதியது என்னவென்று இங்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பலர் பாராட்டினார்கள். இரண்டாவது படத்தை நான் அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. நாலைந்து மாதம் ஞாபகம் இருந்தது. பிரிண்ட் போடக் கடைக்குப் போக வேண்டும், கவர் வாங்க வேண்டும், பின்கோடு விசாரிக்க வேண்டும். அதற்குள் வேறு ஊர், வேறு கட்டுரை. பிறகு வீடு மாற்றியதில் அந்த நோட்டே போய்விட்டது. 2012-ல் ஒரு கல்யாணத்துக்காக அதே சாலையில் பஸ்ஸில் போனேன். ஜன்னலோர ஸீட். அந்த இடம் வந்தது, போனது. நான் இறங்கவில்லை.

ஃபிலிம் காலத்தில் இந்தத் தப்பு இவ்வளவு சுலபம் இல்லை என்று தோன்றுகிறது. படத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்றாலே பிரிண்ட் போட்டாக வேண்டும். ஒன்று போடும்போது ஆளுக்கொன்றாக இன்னொன்று போடுவது சில ரூபாய் விஷயம். டிஜிட்டலில் நான் எடுத்த விநாடியே பார்த்துவிடுகிறேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவருக்கு வேண்டியதுதான் பாக்கி. கல்லூரியில் இறுதிநிலைச் செலவு என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள்: இன்னும் ஒரே ஒரு பொருள் கூடுதலாகத் தயாரிக்க ஆகும் செலவு. டிஜிட்டல் கேமராவில் ஒரு படத்துக்கு அது பூஜ்யம். செலவே இல்லாத பொருளுக்கு யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று மனசு தானாக முடிவு கட்டிக்கொள்கிறது.

அதே கல்லூரியில் கணக்குப்பதிவியலின் முதல் வாரத்தில் மனப்பாடம் செய்தது இன்னும் மறக்கவில்லை: பெறுபவர் கணக்கில் பற்று, கொடுப்பவர் கணக்கில் வரவு. படம் விஷயத்தில் பெற்றது நான். கொடுத்தது அந்த அம்மா. என் ஐந்தொகையில் அவர் கடனீந்தோர் பக்கத்தில் இருக்கிறார். அவர் கேட்டதும் வட்டி இல்லை, ராயல்டி இல்லை. அசலில் ஒரு பிரதி.

இந்தக் கடன்காரர் பட்டியலில் பெரிய பெயர்களும் உண்டு. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் நிபோமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் தவித்த கூலிக்காரர்களின் முகாமில், டாரதியா லாங் ஒரு தாயைப் படம் எடுத்தார். தோளில் முகம் புதைத்த இரு குழந்தைகள், மடியில் ஒரு கைக்குழந்தை, தாடையில் விரல் வைத்து எங்கோ பார்க்கும் அம்மா. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான படங்களில் அது ஒன்று. அரசாங்க வேலையாக எடுத்தது, அதனால் லாங்குக்கு அதில் ராயல்டி கிடையாது. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார்.

அந்தப் பெண் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்பது உலகத்துக்குத் தெரிந்தது 1978-ல். 42 வருஷம் கழித்து நிருபர் தேடி வந்தபோது அவருடைய குறை என்ன தெரியுமா? பணம் வராதது மட்டுமில்லை. என் பெயரைக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு முள்ளக்காட்டு வெயில் அடித்தது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்ததும், பட்டினி கிடந்த அந்த முகாமுக்கு அரசாங்கம் 20,000 பவுண்டு உணவுப்பொருள் அனுப்பியது. ஏறக்குறைய 9,000 கிலோ. பலர் சாப்பிட்டார்கள். தாம்ஸன் குடும்பம் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. 1983-ல் அவர் நோயில் விழுந்தபோது, படத்தை ஞாபகம் வைத்திருந்த ஜனங்கள் சிகிச்சைக்காக 35,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். ஆக, படம் நல்லதே செய்தது. ஊருக்கு நல்லது செய்த படம் என்பதால், எடுக்கப்பட்டவருக்குத் தர வேண்டியது தள்ளுபடி ஆகிவிடுமா?

ஒரு போட்டோகிராபர் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அடிக்காத குறை.

“எல்லார்ட்டயும் கேட்டுட்டு எடுக்கணும்னா எல்லாரும் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பாங்க சார். இயல்பு போயிரும். அப்புறம் போலீஸ்காரர் லத்தியால அடிக்கும்போது, ‘ஐயா, கொஞ்சம் எடுத்துக்கட்டுமா’ன்னா கேக்கிறது?”

நியாயம். 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்த பிறகு, மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்தார்கள். அங்கே யாரிடம் அனுமதி கேட்பது? அந்தப் படம் எடுக்கப்படாமல் போயிருந்தால் அதுதான் அநியாயம். கேட்காமல் எடுப்பது எப்போதும் தப்பு என்று நான் சொல்லவில்லை. சில சமயம் கேட்கக்கூடாது, சில சமயம் கேட்க முடியாது.

ஆனால் நண்பர் சொன்ன ‘இயல்பு’ என்கிற வார்த்தைதான் தொண்டையில் நிற்கிறது. கூடையோடு வியர்த்து நடப்பது அந்த அம்மாவின் இயல்பு என்று முடிவு செய்தது யார்? நான். அவரைக் கேட்டிருந்தால், முகம் துடைத்து, கூடை இல்லாமல், நிமிர்ந்து நிற்பதுதான் ‘நான்’ என்றிருப்பார். சொல்லவும் செய்தார். அவர் தன்னைப் பற்றிச் சொன்னதை நான் உயிரில்லாத படம் என்றேன். அவருக்குத் தெரியாமல் நான் எடுத்ததைக் கலை என்றேன். நாம் பயணம் போய் எடுத்துவரும் படங்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். காசியில் சாமியார், கடற்கரையில் வலை பின்னுகிற பெரியவர், சந்தையில் சுருக்கம் விழுந்த பாட்டி. நம் வீட்டுப் பாட்டியை யாராவது அப்படி, சுருக்கத்துக்காகவே, எதிர்த் தெருவிலிருந்து ஜூம் பண்ணினால் சும்மா இருப்போமா?

இத்தனையும் மருமகனிடம் சொல்லவில்லை. சொன்னால் போனை வைத்துவிடுவான். சுருக்கமாகச் சொன்னேன். பறவைக்கு வேண்டுமானால் பெரிய ஜூம் வாங்கு. கல்யாணத்துக்குப் பெரிய சென்ஸார், எஃப்/1.8 மாதிரி வாய் அகன்ற லென்ஸ். புஷ்கருக்கு என்னைக் கேட்டால், ஜூமே இல்லாத சின்னக் கேமரா, 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ். அதில் ஒரு முகம் நிறைய வேண்டுமென்றால் நீ நாலடிக்குள் போக வேண்டும். நாலடிக்குள் போனால் அவர் உன்னைப் பார்ப்பார். பார்த்தால் நீ ஏதாவது பேச வேண்டும். பேசினால் நம்பர் வாங்கலாம். இன்றைக்கு ஒட்டகம் மேய்க்கிறவர் கையிலும் போன் இருக்கும், அங்கேயே அனுப்பிவிடலாம். எனக்கிருந்த கவர், பின்கோடு சாக்கெல்லாம் உனக்கு இல்லை. போன் இல்லாதவராக இருந்தால், எடுத்ததும் பிரிண்ட் துப்புகிற இன்ஸ்டாக்ஸ் இருக்கிறது. பர்ஸுக்குள் அடங்குகிற மாதிரி படம், கையில் கொடுத்துவிட்டு வரலாம். அப்புறம், புஷ்கர் ஏரிப் படித்துறையில் படம் எடுக்கத் தடை. குளிக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதே, அது எவ்வளவு தூரத்திலிருந்து என்றாலும்.

“சரி மாமா” என்றான். ‘சரி மாமா’ என்றால் என்ன அர்த்தம் என்று மாமாக்களுக்குத் தெரியும்.

அன்று ராத்திரி பழைய கோப்புகளைத் தேடினேன். மூன்று கம்ப்யூட்டர் மாறியும் அந்த ஃபோல்டர் கூடவே வந்திருந்தது. முதல் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இரண்டாவதை அன்றைக்குத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். உயிர் இல்லை என்று எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. லென்ஸ் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். படத்தின் ஓரத்தில், கொஞ்சம் மங்கலாக, இன்னொரு பெண். கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். அடுத்து தன் முறை என்று நினைத்து நின்றிருக்கிறார். நான் கவனிக்கவே இல்லை. எடுத்து முடித்ததும் கேமராவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டி ஏறியிருப்பேன்.

மறுநாள் பிரிண்ட் போட்டேன். மேஜை மேல் கவரில் இருக்கிறது. மேலே எழுத விலாசம் இல்லை. அடுத்த தடவை தூத்துக்குடிப் பக்கம் போகும்போது நேரில் விசாரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இதே மாதிரி நான் முன்பும் நினைத்திருக்கிறேன்.

மருமகன் 125 எக்ஸ்தான் வாங்கினான். போன வாரம் வந்து படங்களைக் காட்டினான். ஒட்டகத்தின் இமை, பாலைவனத்துக்கு மேல் முழு நிலா, ராட்டினம். பிறகு ஒரு பெரியவர். சிவப்புத் தலைப்பாகை, பீடி பற்ற வைக்கக் குவித்த கை, தீக்குச்சி வெளிச்சத்தில் பாதி முகம். பிரமாதம் என்றேன். பொய் இல்லை, நிஜமாகவே பிரமாதம்.

“அவர்ட்ட காட்டினியாடா?”

“இல்ல மாமா” என்றான், “அவர் ரொம்ப தூரத்துல இருந்தார்.”